காந்தல்

நான் பிறந்த மோகனூர் வீட்டில் சோறு தீய்ந்துபோகும், பால் அடி பிடிக்கும், வெயில் சுடும், புண் எரியும், பசி வந்தால் வயிறு கிள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருந்தோம். கல்யாணமாகிப் போன இடத்தில் எங்களுக்குச் சமைக்க வந்தவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். சோறு காந்தும். பால் காந்தும். வெயில் காந்தும். புண் காந்தும். பசித்தாலும் வயிறு காந்தும். பானையின் அடியில் ஒட்டிக்கொண்டு செவந்தும் கறுத்தும் கிடக்கிற சோற்றுப் பொருக்குக்கும் அவள் வாயில் காந்தல் என்றே பெயர். எங்களுக்குத் தெரியாத சொல்லில்லை. ஆனாலும் அவள் வந்த பிறகுதான் அது எங்கள் வீட்டுக்குள் குடி வந்தது.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. கெங்கவல்லியிலிருந்து வந்தவள், அதனால் கெங்கவல்லியம்மா. அவள் எங்களோடு இருந்தவரையில் நான் அப்படியும்கூடக் கூப்பிட்டதில்லை. "ஏனுங்க" என்பேன், திரும்பிப் பார்ப்பாள், அதோடு சரி.

புதுச்சத்திரத்தில் சேலம் - நாமக்கல் ரோட்டோரமாக எங்களுக்கு ஒரு சோற்றுக்கடை. முன்னால் தகரக் கொட்டகை, அதில் இலை போட்டு உட்கார இருபது பேருக்கு இடம். அதற்குப் பின்னால் அடுப்படி. அடுப்படியை ஒட்டி நாங்கள் குடியிருந்த இரண்டு அறை. கொல்லையில் கிணறு. பருத்தி மூட்டை ஏற்றிப் போகிற வண்டிக்காரர்களும், பஸ்காரர்களும், பஸ்ஸில் வருகிற சனங்களும் சாப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான்தான் சமைத்தேன். மகளுக்கு மூன்று வயதாகும்போது இரண்டாவது பிள்ளை குறைப் பிரசவமாகிப் போய்விட்டது. எனக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை. என் வீட்டுக்காரர் யாரையோ விசாரித்து அவளை அழைத்துவந்தார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்கு முப்பது இருக்கும். புருஷன் செத்து நாலைந்து வருஷமாகியிருந்தது. பிள்ளையில்லை. அண்ணன் வீட்டில் இருந்தவள், அண்ணி வாய்க்குத் தாங்காமல் கிளம்பிவிட்டாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணி மூட்டை. கொல்லைக் கதவருகே வந்து நின்றவள் மூட்டையைக் கீழே வைக்கக்கூட இல்லை. மூக்கைச் சுருக்கினாள்.

"அம்மிணி, பருப்பு காந்துதுங்க."

நான் அடுப்புக்கு ஒரு முழ தூரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. அவள் உள்ளே வந்து, சேலைத் தலைப்பால் பிடித்துச் சட்டியை இறக்கி, கிளறாமல் மேலாப்பிலே வேறு பாத்திரத்தில் சாய்த்தாள். அடியில் ஒரு ரூபாய் வட்டத்துக்குக் கறுப்பு. அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் சட்டி முழுக்க நாறியிருக்கும்.

"பரவால்லியே!" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பிள்ளை போன பிறகு அவர் சிரிக்கவில்லை. எனக்கு முதல் முதலாகக் காந்தியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அதற்கும் அந்தச் சொல் பொருந்தும் என்று அன்றைக்குத் தெரியாது.

அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அந்த மூக்கைத்தான் சொல்வார்கள். ஆனால் என்னைக் கேட்டால் அவள் சாப்பிடுகிறதைச் சொல்லுவேன். கடையில் எல்லோரும் உண்டு முடித்து, என் வீட்டுக்காரரும் நானும் உண்டு முடித்த பிறகு, அவள் சோற்றுப் பானையை எடுத்து மடியோடு சாய்த்து வைத்துக்கொள்வாள். கொஞ்சம் வெந்நீர் தெளித்து, மூடிவைத்து, பிறகு கொட்டாங்குச்சியால் சுரண்டுவாள். வருகிற காந்தலில் உப்புக்கல்லும் ஒரு பச்சை மிளகாயும் வைத்துத் தின்பாள். மேல் சோறு மிச்சமிருந்தாலும் அதைத் தொட மாட்டாள்.

"நல்ல சோறு கெடக்குது, அதப் போட்டுக்கிறதுதானுங்களே" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார்.

"இதுதாங்கண்ணா ருசி. அது வர்றவங்களுக்கு இருக்கட்டும்" என்றாள்.

கல்லடுப்பும் புளிய விறகும் இருக்கிற இடத்தில் அடி காந்தாமல் ஒருநாளும் போகாது. அதை யாராவது தின்றுதான் ஆக வேண்டும். அவள் வருகிறதற்கு முன் நான் மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அதைத் தன் பங்காக எடுத்துக்கொண்டாள். சோற்றில் மட்டுமல்ல. நனைந்த விறகு அவளுக்கு, கிழிந்த பாய் அவளுக்கு, கொட்டகையில் வெயில் விழுகிற மூலை அவளுக்கு. யாரும் கொடுக்கவில்லை. அவளே போய் உட்கார்ந்துகொள்வாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் "என்ன மனுசிங்க அது!" என்று சொன்னார்கள். எனக்கு அதுவே பெரிய ராங்கியாகத் தெரிந்தது. நல்லதை எடுத்துக்கொள்கிற நான் அவள் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் சிறுத்துப்போனேன்.

பஸ் டிரைவர் ஒருவர் தினமும் மத்தியானம் எங்கள் கடையில் சாப்பிடுவார். மீசை பெரிதாக, குரல் அதைவிடப் பெரிதாக இருக்கும். ஒருநாள் தண்ணீர் கேட்டு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தவர் அவள் தின்கிறதைப் பார்த்துவிட்டு ஒரு கை கேட்டார். மறுநாளும் கேட்டார். அதற்குப் பிறகு இலை முன்னால் உட்கார்ந்ததுமே குரல் கொடுப்பார்.

"ஏனுங்கம்மா, அடியில ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

"இருங்க, சொரண்டித் தாரேன்."

அவர் சொல்லி நாலு பேர், அந்த நாலு பேர் சொல்லி இன்னும் பத்துப் பேர். மாடு தின்றுகொண்டிருந்ததைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஆறு வருஷமாக நான் பொரித்தும் வறுத்தும் தாளித்தும் போட்ட எதையும் இன்னொரு தரம் கேட்டு யாரும் வாயைத் திறந்ததில்லை.

நான் ஒருநாள் அவள் கிணற்றடியில் இருந்தபோது பானையை எடுத்து மடியில் சாய்த்து, அவளைப் போலவே வெந்நீர் தெளித்து, சுரண்டித் தின்று பார்த்தேன். கசந்தது. கடைவாய்ப் பல் வலித்தது. மகள் எதிரே வந்து நின்று என்னையே பார்த்தாள்.

"அம்மா, நீ தின்னா நல்லால்ல" என்றாள்.

மகளைச் சொல்ல வேண்டும். அவள் கெங்கவல்லியம்மாவின் முதுகிலேயே வளர்ந்தாள். நாங்கள் எல்லாரும் "ஊடு" என்றுதான் சொல்வோம். கெங்கவல்லியம்மா கிழக்கத்திக்காரி, "வூடு" என்பாள். என் மகளும் "வூட்டுக்குப் போலாம்" என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் திருத்தினேன். திருத்தத் திருத்த இன்னும் அழுத்திச் சொன்னாள். ஒருநாள் அடுப்பிலிருந்து வாரிக் கொட்டியிருந்த சாம்பலில் தெரியாமல் கால் வைத்துவிட்டாள். மேலே ஆறியிருந்தது, உள்ளே கனல் இருந்தது. வீல் என்று கத்தினாள். நான் ஓடிப்போய்த் தூக்கி உள்ளங்காலில் ஊதினேன். என் கையிலிருந்து திமிறி இறங்கி நொண்டிக்கொண்டே அவளிடம் போனாள்.

"காந்துதா சாமி? எங்க, காட்டு" என்று அவள் ஊதினாள். அழுகை நின்றது.

"ஏண்டி, நான் ஊதுனா ஆகாதா?" என்றேன்.

"அவுங்க ஊதுனாத்தான் காந்தல் போவுது" என்றாள் மகள்.

இதையெல்லாமாவது குழந்தை என்று விட்டுவிடலாம். என் வீட்டுக்காரர் சந்தைக்குப் போய்விட்டு வந்த ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தை என்னால் விட முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யப்பா, என்னா வெயிலு, காந்துது" என்றார். அதுவரை அவருக்கு வெயில் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் மோர் கொண்டுவந்த சொம்பைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அவர்கள் இருவருக்கும் நடுவில் தப்பாக எதுவும் இல்லை. அவள் அவரை அண்ணா என்பாள், அவர் அவளை அம்மா என்பார், அதற்குமேல் ஒரு பார்வை இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். தப்பாக இருந்திருந்தால் கத்தலாம், ஊரைக் கூட்டலாம். ஒரு சொல் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போனதற்கு யாரிடம் போய் என்னவென்று சொல்லி அழுவது?

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் சாப்பிடவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அவள் வந்து தலைமாட்டில் நின்றாள்.

"வயிறு காந்துதுங்களா அம்மிணி?"

எனக்குச் சுரீர் என்றது. பசிக்கிறதா என்று கேட்டாளா, பித்தம் ஏறிப் புளித்த ஏப்பம் வருகிறதா என்று கேட்டாளா, இல்லை உள்ளே இருக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாளா? அந்த ஒரு சொல்லில் மூன்றும் உண்டு. முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கென்ன காந்தறதுக்கு? ஒண்ணுமில்ல, போங்க" என்றேன்.

அவள் போய்ப் பழைய சோற்றில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் உரித்துப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பசி தாங்காமல் குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் அவளைத் திட்டிக்கொண்டே குடித்தேன்.

அந்த வருஷம் தை மாதத்தில் அந்தக் கல்யாணக் கூட்டம் வந்தது. நாமக்கல் பக்கம் பெண் வீட்டில் முகூர்த்தம் முடித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ்ஸில் சேலம் போகிறவர்கள். வழியில் எங்கள் கடையில் மத்தியானச் சாப்பாடு என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அறுபது பேருக்குச் சமையல், அதோடு பால் பாயசம். அந்த மாதிரி ஒரு கூட்டம் எங்கள் கடைக்கு அதற்கு முன் வந்ததில்லை. என் வீட்டுக்காரர் கொட்டகைக்கு மாவிலை கட்டினார்.

கெங்கவல்லியம்மா விடியற்காலையிலிருந்து நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் இறங்கிவிட்டன. வெண்கல உருளியில் பாயசம் மட்டும் அடுப்பின் மேல் இருந்தது. விறகை வெளியே இழுத்துவிட்டு, தணலில் வைத்திருந்தாள். பால் மெல்லச் சுண்டி, அரிசி குழைந்து, வெல்லம் போடுகிற பதத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"அம்மிணி, நான் போயி ரண்டு கொடம் தண்ணி மொண்டுட்டு வாரேன். இது தணல்ல இருக்குது, இதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு தரம் அவள் கையிலிருந்து ஒன்று கெட்டுப்போக வேண்டும், ஒரே ஒரு தரம் என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. காய்ந்த புளிய விறகு மூன்றை எடுத்து அடுப்புக்குள் தள்ளினேன். உடனே பிடித்துக்கொண்டது. மறுபடியும் வந்து தேங்காய் துருவினேன்.

அவள் குடத்தோடு கதவருகே வரும்போதே நின்றுவிட்டாள்.

"காந்திருச்சு" என்றாள்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள். உருளியைப் பார்க்கவில்லை. முதலில் அடுப்பைப் பார்த்தாள். மூன்று விறகும் எரிந்துகொண்டிருந்தன. பிறகு என்னைப் பார்த்தாள். நான் தேங்காய் மூடியைப் பார்த்தேன். அவள் விறகை இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். சோறு காந்தினால் மேல் சோற்றைக் காப்பாற்றலாம். பருப்பையும் காப்பாற்றலாம். பால் காந்தினால் ஒன்றும் செய்வதற்கில்லை. அடியில் பிடித்த கருகல் வாடை உருளி முழுக்க ஏறிவிடும்.

வாழையிலைக் கட்டோடு வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று மூக்கைப் பிடித்தார்.

"என்னாச்சு?"

"எனக்கென்ன தெரியும்? அவுங்கதான் அடுப்புல உட்டுட்டுக் கெணத்துக்குப் போனாங்க" என்றேன்.

அவள் "ஒரு கை புடிங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள். உருளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். கிணற்றடியில் கொட்டிவிட்டு வர.

அதற்குள் பஸ்கள் வந்துவிட்டன. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு இலை முன்னால் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பா, "பாயசம் எங்கய்யா?" என்றார். என் வீட்டுக்காரர் மோர் வாளியை எடுத்து நீட்டினார். காற்றில் இருந்த வாடையை அந்தப் பெரியவர் அப்போதுதான் மோந்தார். எழுந்து கையைக் கூடக் கழுவாமல் அடுப்படிக்கு வந்தார். கதவருகே அவள் நின்றுகொண்டிருந்தாள், அந்த வெள்ளைச் சேலையோடு.

"ஏனய்யா, கண்ணாலப் பொண்ணு மாப்பிள்ளைக்கு இந்தக் கையிலயா பாயசம் காச்சுனே? தீயாம என்ன பண்ணும்? தாலி ஏறி முழுசா ஒரு நாளாவல!" என்று கத்தினார்.

பெண்ணின் அம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"பாத்துச் செய்ய வேண்டாமாம்மா? நம்பித்தானே உட்டேன். இப்படியா மானத்த வாங்கறது?" என்று எல்லோர் முன்னாலும் உரக்கச் சத்தம் போட்டார். அவர் அவளிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தரம், அதுதான் கடைசி.

"என் தப்புத்தானுங்க" என்றாள் அவள்.

நான் கேட்டது கிடைத்தது. கொஞ்ச நேரம் இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் கேட்டது ஒரு முகச் சுளிப்புத்தான். பெரியவர் சொன்ன சொல்லை நான் கேட்கவில்லை. அது எங்கள் கொட்டகையோடு நிற்கவும் இல்லை. ரோடு முழுக்கப் போனது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணக் கூட்டம் வந்தாலும், பெண் பார்க்கப் போகிறவர்கள் வந்தாலும், காது குத்துக்குப் போகிறவர்கள் வந்தாலும், உட்காருவதற்கு முன்பே கேட்டார்கள்: "இன்னைக்கு அந்தம்மா சமையலுங்களா?" இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் நான் சமைத்தேன். அவள் கிணற்றுப் பக்கம் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து காய் அரிந்து கொடுத்தாள். கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. அந்த இரண்டு வருஷத்திலும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தினமும் காத்திருந்தேன். சட்டி கொஞ்சம் வேகமாக வைத்தால்கூட, இதோ சொல்லப் போகிறாள் என்று நினைப்பேன். சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டையோடு தீர்ந்திருக்கும். அவள் எப்போதும் போல எனக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள், என் தலையில் எண்ணெய் வைத்தாள், என் மகளுக்குச் சடை பின்னினாள்.

பிறகு அவள் அண்ணன் பெண்டாட்டி செத்துப்போனாள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அண்ணன் வந்து நின்றான். மூட்டையைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளும் அழுதாள். எல்லாம் முடிந்து ஏறுகிற நேரத்தில் என் பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பாலு வெச்சா மூணு வெறகு வேண்டாமுங்க அம்மிணி. ஒண்ணே போதும்."

முகத்தில் சிரிப்பு இருந்தது. குத்தலா, பிரியமா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு உலகச் சண்டை வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் பின்னால் கரியடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். அரிசி அளந்து கொடுத்தார்கள். எங்கள் கடையில் சோறு குறைந்து களி ஆயிற்று. அந்த வருஷங்களில்தான் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். மாப்பிள்ளை வீடு ராசிபுரம். சமையலுக்கு யாரை வைப்பது என்று பேச்சு வந்தபோது மகள் கதவுக்குப் பின்னாலிருந்து, "கெங்கவல்லியம்மாவ வரச் சொல்லலாங்கப்பா" என்றாள்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கா? அந்தக் கை வேண்டாம். மொதல்லயே ஒரு தரம் பட்டாச்சில்ல" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் நான் சொன்னதை நானே கேட்டேன். பெரியவர் சொன்னதும் அதேதான். அவருக்காவது தெரியாது. எனக்குத் தெரியும்.

மகள் அந்தப் பக்கம் போகும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு துண்டை எடுத்து மடித்தார். மறுபடியும் பிரித்தார்.

"எல கட்டு எடுக்க வந்தப்ப நீ வெறகு தள்ளுனத நான் பாத்தேன். பாத்தப்ப எனக்கு ஒண்ணும் தோணல. தணல் கொறஞ்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து, 'எனக்கென்ன தெரியும்'னு நீ சொன்னே பாரு, அப்பத்தான் புரிஞ்சுது."

நான் எழுந்து மகள் போன கதவைச் சாத்தினேன்.

"உருளியக் கொட்டறப்ப அவுங்ககிட்டச் சொன்னேன். இப்பவே போயி நாலு பேரு முன்னால உன்ன ரண்டு கேக்கறேன்னு கெளம்புனேன். அவுங்கதான் உடல. 'வேண்டாங்கண்ணா. நாலு பேரு முன்னால கேட்டுட்டீங்கன்னா அப்புறம் அம்மிணி இந்த வூட்டுல தல நிமுந்து இருக்க முடியாதுங்க. என்னையத் திட்டுங்க. எனக்கென்ன, இந்த ஊரு இல்லீன்னா அடுத்த ஊரு. அவுங்களுக்கு இதுதானுங்களே வூடு'ன்னாங்க. திட்டுனேன். இன்னைக்கும் அது என் நெஞ்சுலயே நிக்குது."

பத்து வருஷத்துக்குப் பக்கம் அவர் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னோடு உண்டு, என்னோடு உறங்கி, தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார். அவர் காலில் விழுந்து அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை. அவர்கள் இருவரும் கிணற்றடியில் நின்றுகொண்டு, நான் இல்லாத இடத்தில், எனக்கு எது நல்லது என்று பேசி முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் கண்ணில் நின்றது.

"எவ்வளவு நேரம் பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"என்ன?"

"கெணத்தடியில. ரண்டு பேரும். எவ்வளவு நேரம் பேசுனீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் அவரே கெங்கவல்லிக்குப் போனார். தனியாகத்தான் திரும்பி வந்தார். மகள் ஓடிப்போய்க் கேட்டாள். "'நல்ல காரியத்துல நான் வந்தா யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்க சாமி. புள்ள மனசு நோவும். நான் இங்கிருந்தே நெனச்சுக்கறேன்'னு சொல்லச் சொன்னாங்க" என்றார். "யாரு என்ன சொல்லுவாங்களாம்?" என்று மகள் என்னைக் கேட்டாள். நான் பூசணிக்காயை எடுத்து அரிந்தேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ராசிபுரத்து ஆள் சமைத்தார். பாயசத்தில் தித்திப்புக் கொஞ்சம் தூக்கல்.

கெங்கவல்லி ஒன்றும் சீமையில் இல்லை. பஸ் எங்கள் கடை வாசலிலேயே நிற்கிறது. ராசிபுரம் போய், ஆத்தூர் போய் மாறினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். எத்தனையோ நாள் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதுகூடப் பெரிதில்லை, கேட்டுவிடுவேன். அவள் அதைக் காதில் வாங்கமாட்டாள். "வாங்க அம்மிணி, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல சாப்புடுங்க" என்று உட்காரவைத்து இலை போடுவாள். நானும் சாப்பிடுவேன். நன்றாக இருக்கும். அதை நினைத்துத்தான் நான் போகவில்லை.